இந்த ஆண்டு கோப்பையா, ஐந்தாண்டுக் கட்டுமானமா? ஒரு என்.எச்.எல். அணியின் கணக்கைப் போடும் முறை

ஹாக்கி என்றதும் நமக்குப் புல்தரையும் வளைந்த மட்டையும்தான் நினைவுக்கு வரும். இங்கே பேசப்போவது பனித்தளத்தில் ஆடும் வட அமெரிக்கத் தொழில்முறை ஹாக்கி. என்.எச்.எல். லீகில் 32 அணிகள் இருக்கின்றன. அவற்றில் 16 அணிகள் பிளேஆஃப் என்ற இறுதிக்கட்டச் சுற்றுக்குப் போகும், ஒன்று ஸ்டான்லி கோப்பையைத் தூக்கும். டொராண்டோவில் இருக்கும் நம்மவர்களுக்கு இந்த வலியைத் தனியாக விளக்க வேண்டாம். மேப்பிள் லீஃப்ஸ் கடைசியாகக் கோப்பை வென்றது 1967-ல்.

இந்த லீகில் பணத்தைக் கொட்டி ஆண்டுக்கணக்கில் உச்சத்தில் உட்கார முடியாது. சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு, டிராஃப்ட் என்ற ஆண்டுத் தேர்வில் நல்ல இளைஞர்கள் தோற்கும் அணிகளுக்கே முதலில் போவார்கள். அதனால் எந்தப் பொது மேலாளருக்கும் ஆண்டுதோறும் ஒரே கேள்வி: இருப்பதை வைத்து இப்போதே மோதுவதா, விற்றுவிட்டுப் புதிதாகக் கட்டுவதா? பதில் மனத்துணிவில் இல்லை, தேதிகளில் இருக்கிறது. கையில் உள்ள ஒவ்வொரு வீரரும், பிக்கும் (டிராஃப்டில் ஒருவரை எடுக்கும் உரிமை), டாலரும் எந்த ஆண்டில் அதிகப் பலன் தரும் என்று எழுதிப் பார்த்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

படி 1: விதிகளை எண்ணோடு பிடித்துக்கொள்ளுங்கள்

சேலரி கேப், அதாவது ஓர் அணியின் மொத்தச் சம்பள உச்சவரம்பு, 2005-06-ல் 3.9 கோடி டாலரில் தொடங்கியது. கொரோனா காலத்தில் 2019-20 முதல் 2021-22 வரை 8.15 கோடியிலேயே நின்றது. இப்போது தாவுகிறது: 2024-25-ல் 8.8 கோடி, 2025-26-ல் 9.55 கோடி. அடுத்த இரண்டு சீசன்களுக்கு 10.4 கோடி, 11.35 கோடி என்று 2025 ஜனவரியிலேயே அறிவித்தார்கள். எனவே எந்த ஒப்பந்தத்தையும் டாலரில் படிக்காதீர்கள், கேப்பில் எத்தனை சதவீதம் என்று படியுங்கள். ஆண்டுக்கு 80 லட்சம் வாங்கும் வீரர் 8.15 கோடி கேப்பில் 9.8 சதவீதம்; அதே சம்பளம் 11.35 கோடி கேப்பில் 7 சதவீதம்தான். தேங்கிய காலத்தில் கழுத்தை நெரித்த ஒப்பந்தம், கேப் வளரும்போது லேசான சுமையாகிவிடும்.

அடுத்தது வயது. டிராஃப்டில் 18 வயதில் எடுக்கப்படும் வீரரின் முதல் ஒப்பந்தம் மூன்றாண்டு. அடிப்படைச் சம்பளம் ஏறத்தாழ 10 லட்சம் டாலர்தான். அது முடிந்ததும் அவர் கட்டுப்பாடுள்ள ஃப்ரீ ஏஜென்ட். வேறு அணி கூப்பிட்டாலும் பழைய அணி அதே சம்பளத்தைக் கொடுத்து நிறுத்திக்கொள்ளலாம், இல்லையென்றால் ஈடாக டிராஃப்ட் பிக் வாங்கலாம். 27 வயது அல்லது ஏழு சீசன் ஆனபிறகுதான் முழுச் சுதந்திரம். முன்கள வீரர்களின் உச்சகாலம் பெரும்பாலும் 22 முதல் 28-க்குள் வந்துபோகிறது. ஆக முழுச் சுதந்திரம் பெற்றவர்களுக்கான ஜூலை 1 சந்தையில் பணம் கொடுத்து வாங்குவது பெரும்பாலும் ஒருவரின் நேற்றைய ஆட்டத்தைத்தான். நல்ல அணிகள் சந்தையில் வாங்குவது கொசுறுதான், நடுக்கட்டுமானத்தை அங்கே தேடுவதில்லை.

படி 2: ஒரே தாளில் அட்டவணை

எக்செல் போதும், காகிதமும் போதும். ஒவ்வொரு வீரருக்கும் ஒரு வரி: பிறந்த ஆண்டு, விளையாடும் இடம், ஆண்டுக் கேப் கணக்கு (ஒப்பந்தத் தொகையின் ஆண்டுச் சராசரி), ஒப்பந்தம் முடியும் ஆண்டு, அப்போது அவர் வயது, ட்ரேட் மறுப்பு உரிமை (வேறு அணிக்கு மாற்றினால் மறுப்பது) உண்டா. வலப்பக்கம் ஐந்து சீசன்களுக்கு ஐந்து கட்டங்கள். அந்தந்த சீசனில் அவர் முன்னணி வீரரா (மு), நடுத்தரமா (ந), சுமையா (சு) என்று ஒரு எழுத்து போடுங்கள். 31 தாண்டிய விங்கருக்கு (ஓரத்து முன்கள வீரர்) ஐந்து கட்டத்திலும் 'மு' போடக் கை போகும், போடாதீர்கள்.

பிறகு நெடுக்காகப் பாருங்கள். கோப்பைக்கு மோதும் அணிக்கு இரண்டு நல்ல சென்டர்கள் (நடு முன்கள வீரர்கள்), ஒரு முதல்தர டிஃபென்ஸ்மேன், நம்பத்தக்க கோலி (கோல் காப்பவர்), இவர்களைச் சுற்றி ஆறேழு பேர் ஒரே காலத்தில் 'மு' ஆக இருக்க வேண்டும். எந்தச் சீசனில் 'மு' அதிகம் குவிகிறதோ அதுதான் உங்கள் ஜன்னல். குவியல் இந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் மட்டும் இருந்தால் வாங்குங்கள். மூன்றாம் ஆண்டிலிருந்து தொடங்கினால் விற்றுக்கொண்டே காத்திருங்கள். எந்த ஆண்டிலும் குவியவில்லை, 33 வயது நட்சத்திரங்கள் ஒருபக்கம், 20 வயதுப் பையன்கள் மறுபக்கம் என்றால் அதுதான் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். உடனே செய்ய வேண்டியது, 25 முதல் 27 வயதில் யாரையாவது கொண்டுவந்து இடைவெளியை நிரப்புவது. இதை வாஷிங்டன் எப்படிச் செய்தது என்பதைக் கீழே பார்ப்போம்.

படி 3: புள்ளிப் பட்டியல் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள்

பிளேஆஃப் கோடு, அதாவது உள்ளே போகத் தேவையான புள்ளி, ஆண்டுக்கு ஆண்டு நகரும். லீக் கிழக்கு, மேற்கு என்று இரண்டு மாநாடுகளாகப் பிரிந்திருக்கிறது. 2024-25-ல் கிழக்கில் மாண்ட்ரியால் 91 புள்ளியில் உள்ளே போனது. மேற்கில் 96 புள்ளி எடுத்த கால்கரி வெளியே நின்றது. கோட்டுக்கு மேலா கீழா என்பதை விட, எப்படி அங்கே வந்தீர்கள் என்பது முக்கியம்.

முதலில் கோல் வித்தியாசம். 2023-24-ல் வாஷிங்டன் 91 புள்ளியோடு பிளேஆஃபுக்குப் போனது, ஆனால் அடித்ததை விட 37 கோல் அதிகமாக வாங்கியிருந்தது. 'நாங்கள் நல்ல அணி' என்று அந்த நிர்வாகம் நினைத்துக்கொள்ளவில்லை. கோடையில் அணியில் பாதியை மாற்றியது.

அடுத்து அதிர்ஷ்டம். ஐந்துக்கு ஐந்து ஆட்டத்தில் (கோலி தவிர இரு பக்கமும் ஐவர் ஆடும் நேரம்) உங்கள் ஷாட் கோலாகும் சதவீதத்தையும் உங்கள் கோலி தடுக்கும் சதவீதத்தையும் கூட்டுங்கள். லீக் சராசரி 100. உங்கள் எண் 102-ஐத் தாண்டினால், அடுத்த ஆண்டு இறங்கும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். 98-க்குக் கீழே இருந்தால் அவசரப்பட்டு விற்காதீர்கள். தனி வீரருக்கும் இதே அளவுகோல்தான். டானர் ஜெனோ 2021-22-ல் நாஷ்வில்லுக்காக 24 கோல் அடித்தபோது, அவர் அடித்த ஷாட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று கோலானது. எந்த முரட்டு விங்கருக்கும் அது தங்காது. தங்கவும் இல்லை. 2023 பிப்ரவரியில் டாம்பா பே அவருக்காக ஒரு வீரரையும் ஐந்து டிராஃப்ட் பிக்குகளையும் கொடுத்தது, அதில் முதல் சுற்று ஒன்று, இரண்டாம் சுற்று ஒன்று. பதினாறு மாதத்தில் அவரை இரண்டாம் சுற்று, நான்காம் சுற்று பிக்குகளுக்கு விற்றுவிட்டது.

படி 4: அடிமட்டத்துக்கு இறங்குமுன் லாட்டரிக் கணக்கு

'வேண்டுமென்றே தோற்போம், முதல் பிக்கை எடுப்போம்' என்பது கேட்கச் சுலபமாக இருக்கும். ஆனால் முதல் பிக் யாருக்கு என்பதை லாட்டரிக் குலுக்கல்தான் முடிவு செய்யும். இப்போதைய விதியில் கடைசி இடத்து அணிக்கு முதல் பிக் கிடைக்கும் வாய்ப்பு 25.5 சதவீதம். மூன்றாம் பிக்குக்குத் தள்ளப்படும் வாய்ப்பு 55.7 சதவீதம். ஒரு அணி ஐந்தாண்டில் இரண்டு முறைக்கு மேல் லாட்டரியில் ஜெயிக்கவும் முடியாது.

பஃபலோ 2014-15-ல் 54 புள்ளியோடு கடைசியில் முடித்தது. அந்த டிராஃப்டின் நட்சத்திர இளைஞர் கானர் மெக்டேவிட் கிடைப்பார் என்று ஊரே காத்திருந்தது. லாட்டரியில் எட்மன்டன் ஜெயித்தது. பஃபலோவுக்கு இரண்டாம் பிக்கில் ஜாக் ஐகல். அவரும் மோசமான வீரர் அல்ல. ஆனால் 'அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை'யாக, அவரைச் சுற்றி ஆட வேண்டிய நடுவயது வீரர்களை அந்த அணி ஏற்கெனவே காலி செய்திருந்தது. 2024-25 வரை தொடர்ந்து 14 சீசன் பிளேஆஃப் பார்க்கவில்லை, லீக் வரலாற்றில் அதுவே மிக நீண்ட வறட்சி. ஐகல் 2021-ல் வேகாஸுக்குப் போய் 2023-ல் கோப்பையைத் தூக்கினார். டெட்ராய்ட் கதையும் அப்படித்தான். 2019-20-ல் 71 ஆட்டத்தில் வெறும் 39 புள்ளி. அப்போதைய விதியில் லாட்டரியில் நான்காம் இடத்துக்கு விழுந்தது. அங்கே லூகாஸ் ரேமண்ட் கிடைத்தது நல்ல தேர்வின் பலன், தோல்வியின் பலன் அல்ல.

தோல்வி ஆண்டு அதுவாக வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டாம் ஆண்டையும் திட்டமிட்டுத் தோற்காதீர்கள். ஓய்வறையில் தோல்வி பழகிப்போனால் நல்ல வீரர்கள் ஒப்பந்தம் நீட்டிக்க மறுப்பார்கள், அப்புறம் நீங்கள் கட்டியதை அடுத்தவன் அனுபவிப்பான்.

படி 5: விற்பது

இந்தத் தொழிலில் உண்மையான லாபம் இங்கேதான். ட்ரேட் டெட்லைன், அதாவது அந்தச் சீசனில் வீரர்களை விற்க வாங்கக் கடைசி நாள், மார்ச் தொடக்கத்தில் வரும். ஜூலையில் ஒப்பந்தம் முடியும் வீரர் உங்களிடம் இருந்து, பிளேஆஃப் வாய்ப்பு பாதிக்கும் குறைவாக இருந்தால், அவரை விற்காமல் வைத்திருப்பது கையில் உள்ள காசைக் கிணற்றில் போடுவதுதான்.

2017-ல் டல்லாஸ் செய்ததை உற்றுப் பாருங்கள். பேட்ரிக் ஈவ்ஸ், 32 வயது, 10 லட்சம் டாலர் ஒரு வருட ஒப்பந்தம், அந்தச் சீசனில் 21 கோல். டல்லாஸ் பிளேஆஃபை இழந்துகொண்டிருந்தது. பிப்ரவரி 24 அன்று அனஹெய்முக்கு விற்றார்கள். விலை இரண்டாம் சுற்று பிக்; ஆனால் அனஹெய்ம் மாநாட்டு இறுதிக்குப் போய், ஈவ்ஸும் போதிய ஆட்டங்கள் ஆடினால் அது முதல் சுற்றாகும் என்று ஒரு நிபந்தனை. அனஹெய்ம் போனது. கிடைத்தது 29-ஆம் பிக். அதோடு 70-ஆம் பிக்கையும் சேர்த்து சிகாகோவிடம் கொடுத்து 26-ஆம் இடத்துக்கு ஏறி, கோலி ஜேக் ஓட்டிங்கரை எடுத்தார்கள். லாட்டரியில் ஏறிக் கிடைத்த மூன்றாம் பிக்கில் மீரோ ஹெய்ஸ்கனென், 39-ஆம் பிக்கில் ஜேசன் ராபர்ட்சன். ஒரே டிராஃப்டில் முதல்தர டிஃபென்ஸ்மேன், கோலி, கோல் அடிப்பவர். அதுவும் ஒரே வயதில். 2023, 2024, 2025 என்று தொடர்ந்து மூன்று முறை டல்லாஸ் மாநாட்டு இறுதிக்குப் போனது இந்த அடித்தளத்தில். ஜேமி பென் போன்ற பழைய தலைவர்களை அவர்கள் விற்கவும் இல்லை.

பேரத்தில் மூன்று கருவிகள் உண்டு. முதலாவது மேலே பார்த்த நிபந்தனை. வாங்கும் அணி தன் வெற்றியை நம்புகிறது, அந்த நம்பிக்கைக்கு விலை போடுங்கள். 2025-ல் பாஸ்டன் பிராட் மார்ஷண்டை ஃபுளோரிடாவுக்கு இப்படித்தான் இரண்டாம் சுற்றுக்கு விற்றது, ஃபுளோரிடா கோப்பை வரை போனதில் அது முதல் சுற்றானது. இரண்டாவது, சம்பளத்தில் ஒரு பங்கை நீங்களே ஏற்பது. 50 சதவீதம் வரை ஏற்கலாம், ஒரே நேரத்தில் மூன்று ஒப்பந்தங்களுக்கு மட்டும். கேப் நிரம்பிய அணி பாதி விலையில் வீரர் கிடைத்தால் கூடுதல் பிக் தரும். அந்த மூன்று இடங்களையும் அக்டோபரிலேயே தீர்த்துவிட்டால் மார்ச்சில் கை கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

மூன்றாவது, காலியான கேப் இடத்தையே வாடகைக்கு விடுவது. 2022 ஆகஸ்டில் கால்கரிக்கு இடம் தேவைப்பட்டது. ஷான் மோனஹனை எடுத்துக்கொள்ள மாண்ட்ரியாலுக்கு ஒரு முதல் சுற்று பிக்கையும் சேர்த்துக் கொடுத்தது. மோனஹன் காயத்திலிருந்து தேறினார், மலிவாக ஒரு வருடம் நீட்டித்தார்கள், 2024 பிப்ரவரியில் வின்னிபெக்கிடம் இன்னொரு முதல் சுற்று பிக்குக்கு விற்றார்கள். எடுத்ததற்கும் கூலி, கொடுத்ததற்கும் விலை.

படி 6: கட்டிக்கொண்டே வாங்குவது

மறுகட்டமைப்பு ஆண்டில் எதையும் வாங்கக் கூடாது என்பது தப்பு. வாங்கும் சரக்கின் காலம் உங்கள் ஜன்னலோடு பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள்.

டாம்பா பே 2022-ல் இரண்டு முதல் சுற்று பிக் கொடுத்து பிராண்டன் ஹேகலை வாங்கியபோது பலர் சிரித்தார்கள். அவருக்கு வயது 23, கேப் கணக்கு ஆண்டுக்கு 15 லட்சம் மட்டும், அது 2023-24 வரை. அதாவது மூன்று பிளேஆஃபுக்கு மலிவான முன்னணி வீரர். 2024-25-ல் 90 புள்ளி (கோலும் அசிஸ்டும் சேர்த்து) எடுத்தார். ஜெனோவையும் வாங்கிய அதே நிர்வாகம்தான் இது. ஹேகலில் ஆட்டத்துக்கு விலை கொடுத்தது, ஜெனோவில் அதிர்ஷ்டத்துக்கு.

வாஷிங்டனுக்கு நெருக்கடி வேறு. அலெக்ஸ் ஓவெச்கின் வேன் கிரெட்ஸ்கியின் 894 கோல் சாதனையைத் துரத்திக்கொண்டிருந்தார், அணியைக் கலைக்க முடியாது. வயதான அணி, 2023-ல் பிளேஆஃபும் இல்லை. அந்த பிப்ரவரியில் டிமிட்ரி ஆர்லோவையும் கார்னெட் ஹாத்தவேயையும் பாஸ்டனுக்கு விற்று ஒரு முதல் சுற்று பிக் உள்ளிட்டவை வாங்கினார்கள். அந்தப் பிக்கை டிராஃப்ட் வரை வைத்துக்கொள்ளவே இல்லை. ஐந்தே நாளில் எரிக் குஸ்டாஃப்சனோடு சேர்த்து டொராண்டோவுக்குக் கொடுத்து, 22 வயது டிஃபென்ஸ்மேன் ராஸ்மஸ் சாண்டினை எடுத்தார்கள். 18 வயதுப் பையனுக்கு நான்காண்டு காத்திருப்பதற்குப் பதில், அந்த நான்காண்டை ஏற்கெனவே கடந்த ஒருவர். 2024 கோடையில் லோகன் தாம்சனை இரண்டு மூன்றாம் சுற்று பிக்குக்கும், ஜேக்கப் சிக்ரனை நிக் ஜென்சன் மற்றும் ஒரு மூன்றாம் சுற்று பிக்குக்கும், லாஸ் ஏஞ்சலஸில் சோபிக்காத பியர்-லுக் டுபுவாவை கோலி கெம்பருக்கு மாற்றாகவும் கொண்டுவந்தார்கள். மூவருமே 25-லிருந்து 27 வயதுக்குள். சொந்த டிராஃப்டில் வளர்ந்த கானர் மெக்மைக்கேல் 26 கோல், அலெக்ஸி ப்ரோடாஸ் 30 கோல். 2024-25 முடிவில் 111 புள்ளி, கிழக்கில் முதலிடம். ஏப்ரல் 6 அன்று ஓவெச்கின் 895-ஐயும் அடித்தார்.

சிக்கலில் இருக்கும் போட்டியாளரிடம் வாங்க ஆஃபர் ஷீட் (அவர்களின் கட்டுப்பாடுள்ள ஃப்ரீ ஏஜென்டுக்கு நேரடியாக ஒப்பந்தம் நீட்டுவது) என்ற வழியும் உண்டு, பலர் கூச்சப்பட்டுத் தொடுவதில்லை. 2024 ஆகஸ்டில் செயின்ட் லூயிஸ், கேப் நிரம்பியிருந்த எட்மன்டனின் இரண்டு இளைஞர்களுக்கு ஒரே நாளில் ஒப்பந்தம் நீட்டியது: பிலிப் ப்ரோபெர்க், டிலன் ஹாலவே. எட்மன்டனால் அதே சம்பளத்தைக் கொடுத்து அவர்களை நிறுத்திக்கொள்ள முடியவில்லை. அதற்குக் கிடைத்த ஈடு, ஒரு இரண்டாம் சுற்று, ஒரு மூன்றாம் சுற்று பிக். ஈடாகத் தருவது உங்கள் சொந்தப் பிக்காக இருக்க வேண்டும் என்பதால், முன்பே விற்றிருந்த தன் இரண்டாம் சுற்று பிக்கை செயின்ட் லூயிஸ் முதலில் பிட்ஸ்பர்கிடம் திரும்ப வாங்கியது. இந்த வேலையை மறந்து நல்ல திட்டம் கோட்டைவிடும்.

படி 7: பையன்களை அவசரப்படுத்தாதீர்கள்

டிராஃப்டுக்குப் பிறகு என்.எச்.எல்.-க்குத் தயாராக, சராசரியாக முன்கள வீரருக்கு இரண்டு மூன்று ஆண்டு, டிஃபென்ஸ்மேனுக்கு மூன்று நான்கு, கோலிக்கு நான்கைந்து என்று கணக்கு வையுங்கள். 18, 19 வயதில் கையெழுத்திட்டவர் அந்தச் சீசனில் பத்து என்.எச்.எல். ஆட்டத்துக்குக் குறைவாக ஆடினால் முதல் ஒப்பந்தம் ஓராண்டு பின்னால் நகரும். அதனால் ஒன்பதாவது ஆட்டம் முடிந்த இரவு ஒரு முடிவு எடுக்க வேண்டும். பத்தாவதில் இறக்கினால் மலிவான மூன்றாண்டில் ஒன்று, அணி தோற்கும் காலத்திலேயே எரிந்துபோகும். மார்கழியில் மாங்காய் பறித்த மாதிரி.

படி 8: நீண்ட ஒப்பந்தமும் பைஅவுட்டும்

சொந்த வீரருக்கு எட்டாண்டு, வெளியாருக்கு ஏழாண்டு என்றிருந்த உச்ச வரம்பு, 2026 செப்டம்பரிலிருந்து ஏழு, ஆறு என்று குறைகிறது. 29 வயதானவருக்கு ஏழாண்டு கொடுக்குமுன் கடைசி மூன்று ஆண்டை மட்டும் தனியே எழுதிப் பாருங்கள், அப்போது உங்கள் இளைஞர்களின் இரண்டாம் ஒப்பந்தங்களும் அதே கேப்பில் நிற்கும்.

பைஅவுட் என்பது ஒரு பங்கு பணம் கொடுத்து ஒப்பந்தத்தை முன்பே முடிப்பது. கணக்கு எளிது. 26 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்கு மீதிச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு, மீதி ஆண்டுகளின் இரு மடங்கு காலத்துக்கு. ஆண்டுக்கு 60 லட்சம், இன்னும் இரண்டாண்டு என்றால் மீதி 120 லட்சம். கொடுக்க வேண்டியது 80 லட்சம். நான்காண்டில் ஆண்டுக்கு 20 லட்சம். முதல் இரண்டாண்டு தலா 40 லட்சம் இடம் கிடைக்கும், அடுத்த இரண்டாண்டு தலா 20 லட்சம் போகும். உங்கள் ஜன்னல் அந்தக் கடைசி இரண்டாண்டில் திறப்பதாக இருந்தால் செய்யாதீர்கள்.

கணக்கு சிக்கலாவது சம்பளத்தை முன்னாலேயே கொட்டிக் கொடுத்த ஒப்பந்தங்களில். மினசோட்டா 2012-ல் சாக் பரீசேவுக்கும் ரயன் சூட்டருக்கும் தலா 13 ஆண்டு, 9.8 கோடி டாலர் கொடுத்தது. கடைசி ஆண்டுகளில் சம்பளம் கேப் கணக்கை விடக் குறைவு. பைஅவுட்டில் மிச்சமாவது சம்பளத்திலிருந்து மட்டும்தான் என்பதால், 2021-ல் இருவரையும் அனுப்பியபோது மிச்சம் கொஞ்சமே வந்தது, பாரம் அப்படியே நின்றது: 2022-23-ல் 1.27 கோடி, அடுத்த இரண்டு சீசனும் தலா 1.47 கோடி, ஆடாத இருவருக்காக. 2021-22 முதல் 2024-25 வரையிலான நான்காண்டில் மூன்று முறை அவர்கள் பிளேஆஃபுக்குப் போனது இளைஞர்களின் மலிவான ஒப்பந்தங்களால்தான். 2025-26-ல் பாரம் 17 லட்சத்துக்கும் கீழே இறங்கியது.

படி 9: திரும்பிப் பார்க்க நான்கு தேதிகள்

அட்டவணையைத் தினமும் திருத்தினால் ஒவ்வொரு தோல்விக்கும் பதறுவீர்கள். நான்கு முறை போதும்: நவம்பர் கடைசியில் அமெரிக்க நன்றி தெரிவிக்கும் நாள், டெட்லைனுக்கு மூன்று வாரம் முன், ஜூன் டிராஃப்ட், ஜூலை 1. நவம்பர் தேதிக்குக் காரணம், அன்று பிளேஆஃப் இடத்தில் இருக்கும் அணிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று கடைசியிலும் அங்கேயே இருக்கும். வெளியே இருந்தால் விற்பனைப் பட்டியலைத் தயார் செய்யுங்கள், ஆனால் அன்றே கடையைத் திறக்காதீர்கள்.

பட்டியலைத் தயார் செய்யும்போது படி 3-ன் எண்களையும் பக்கத்தில் வையுங்கள். 2019 ஜனவரி 3 காலையில் செயின்ட் லூயிஸ் 31 அணிகளில் கடைசி இடத்தில் இருந்தது. முந்தைய கோடையில்தான் பஃபலோவிடமிருந்து ரயன் ஓ'ரெய்லியை வாங்கியிருந்தது. அட்டவணையில் 'மு' எல்லாம் அந்த ஆண்டுக் கட்டத்தில்தான் குவிந்திருந்தது, ஓட்டை கோலியிடம். நான்கு நாள் கழித்து ஜோர்டன் பின்னிங்டன் முதல் முறையாகத் தொடக்கக் கோலியாக இறங்கினார். ஜூன் 12 அன்று பாஸ்டனில் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தை வென்று கோப்பையைத் தூக்கினார்கள். தொடரின் சிறந்த வீரர் ஓ'ரெய்லி.